கூட்டாளிகள் கூடும் கிரிக்கெட் ஏலம்: கொள்முதல் பாடம்

மஞ்சள், புளி, மிளகாய் பற்றி எழுதி வந்த நாம் இம்முறை கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவதைக் கண்டு சிலருக்குச் சிரிப்பு வரலாம். அறுபது வயதைக் கடந்தவருக்கு இது தேவையா என்றும் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள். இது ஆட்டத்தைப் பற்றிய கட்டுரை அல்ல. அளவான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டிக்கு ஏழு பேர் எதிரே நிற்க, நல்ல சரக்கை எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றியது. நம் தொழிலே அதுதானே!

மொரப்பூரில் நாங்கள் எட்டு வியாபாரிகள் 2022ஆம் ஆண்டு முதல் ஒரு விளையாட்டு ஆடி வருகிறோம். ஒவ்வோர் ஆண்டும் ஐ.பி.எல். தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இரவு, கடை அடைத்தபின் நமது கிடங்கில் கூடுவோம். தராசு மேசையைச் சுற்றி எட்டு நாற்காலி. ஆளுக்கு 100 காசு என்று நோட்டில் எழுதிக்கொள்வோம். அது காகிதக் காசு. உண்மைப் பணம் ஒரு பைசாகூடக் கிடையாது. ஆட்டக்காரர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூற, ஏலம் கேட்டு, ஆளுக்குப் பதினோரு பேர் கொண்ட அணியைச் சேர்ப்போம். கீப்பர் ஒருவர், பேட்ஸ்மேன் நால்வர், ஆல்ரவுண்டர் இருவர், பந்துவீச்சாளர் நால்வர். வெளிநாட்டார் நால்வருக்கு மேல் கூடாது. பிறகு நிஜ ஆட்டங்களில் அவர்கள் எடுக்கும் ரன்னுக்கு 1 புள்ளி, விக்கெட்டுக்கு 25, கேட்ச்சுக்கு 8. இரண்டு மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்து, வென்றவருக்கு ஒரு சால்வை. அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு நம் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் ஓக்லாந்து நகரைச் சேர்ந்த வில்ஃப்ரெட் விங்கன்பாக் என்பவரும் நண்பர்களும் 1962இல் இதற்கு விதி எழுதினார்கள். 1963 ஆகஸ்டில் அவர் வீட்டிலேயே கூடி ஆள் பிரித்தார்கள். அங்கும் எட்டு அணிகள்தாம். அவர்கள் ஆடியது கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்கள் நாட்டுக் கால்பந்து. 1980இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரன்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டத்துக்கு இதையே ஏல முறையில் செய்தார்கள். நம் நாட்டில் 2008 முதல் ஐ.பி.எல். முதலாளிகள் கோடிக் கணக்கில் செய்வதும் ஆதியில் இதே வேலைதான். அவர்கள் செய்த லாப நட்டம் எல்லாம் செய்தித்தாளில் வந்திருக்கிறது. பிறர் பணத்தில் நாம் பாடம் படிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை

பாடத்துக்குள் போகுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மிடம் சரக்கெடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர். இருபது ஆண்டுப் பழக்கம். வாரக் கணக்கில் ஒரு நாள் பிசகியதில்லை. 2024இல் அவர் கணக்கு தொடர்ந்து நான்கு வாரம் நின்றது. கூப்பிட்டு விசாரித்தால் மனிதர் கண் கலங்கிவிட்டார். கல்லாவில் உட்கார்ந்த மகன் கைபேசியில் அணி சேர்த்துப் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தில் விழுந்துவிட்டான். தினம் நாற்பத்தொன்பது ரூபாய் என்று தொடங்கியது, விட்டதைப் பிடிக்க விட்டதைப் பிடிக்க என்று போய், சரக்குக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் கரைந்துவிட்டது.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, அது திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும், தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. இத்தொழிலில் பெரிய நிறுவனமான ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் வேறு பெயரில், வேறு வாசலில் அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். கல்லாவில் பிள்ளையை உட்கார வைத்திருக்கும் அன்பர்கள் வாரம் ஒருமுறை ரொக்க இருப்பைப் பேரேட்டோடு ஒத்துப் பாருங்கள். சந்தேகப்படுவதற்காக அல்ல, சிறிய ஓட்டையாக இருக்கும்போதே அடைப்பதற்காக.

அந்தப் பையனைத் திட்டியோ கைபேசியைப் பிடுங்கியோ பயனில்லை என்று நமக்குத் தோன்றியது. ஒரு நாள் அவனிடம், "தம்பி, உனக்கு ஆட்டம் பிடிக்கும். கணக்கும் வரும். எங்கள் கிடங்கு ஏலத்தில் வந்து உட்கார். காசு கிடையாது, சால்வை மட்டும்தான்" என்றோம். எங்கள் எட்டுப் பேரில் ஒருவர் மகனோடு பெங்களூர் போய்விட்டதால் ஓர் இடம் காலியாக இருந்தது. 2025 மார்ச்சில் தயங்கித் தயங்கி வந்தான். அவன் கதையைக் கடைசியில் சொல்கிறோம்.

பாடம் 1: விலையை வீட்டிலேயே போடு

ஏலக் களத்தில் விலை யோசிப்பவன் தோற்றவன். இளவயதில் நாம் சேலத்தில் ஒரு மஞ்சள் ஏலத்துக்குப் போனோம். மாதிரியைப் பார்த்து, இந்த விலைக்கு மேல் கட்டாது என்று மனதில் ஒரு தொகை வைத்திருந்தோம். எதிரே நின்றவர் நம்மை ஒரு பார்வை பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே நாம் கேட்டுக்கொண்டே போனோம். 40 குவிண்டால். நாம் போட்ட கணக்குக்கு மேல் குவிண்டாலுக்கு 400 ரூபாய். ஆக அந்தச் சிரிப்பின் விலை 16,000 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆறு மாதம் கிடங்கில் வைத்திருந்து நட்டத்துக்குத்தான் தள்ளினோம்.

கிரிக்கெட் ஏலத்திலும் இதே கதை. ஆகவே ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பே, ஒவ்வொருவர் எத்தனை புள்ளி எடுப்பார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். போன ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்த்துச் சராசரி போடுங்கள். ஒரு வருட விளைச்சலை வைத்து நிலத்துக்கு விலை வைப்பாரா யாராவது?

அடுத்தது, புள்ளியைக் காசாக மாற்றும் கணக்கு. எட்டுப் பேர் கையில் மொத்தம் 800 காசு. வாங்க வேண்டியது 88 ஆள். எவ்வளவு மட்டமான ஆளுக்கும் 1 காசு போட வேண்டும். அதில் 88 போய்விடும். மீதி 712. இந்த 712 காசைத்தான் எல்லோருமாகச் சேர்ந்து 'கூடுதல் தரத்துக்கு' கொடுக்கிறோம். கடைசியாக 1 காசுக்குக் கிடைக்கும் பேட்ஸ்மேன் 200 புள்ளி எடுப்பார் என்று வைப்போம். ஒருவர் 500 எடுப்பார் என்று நம் கணக்கு சொன்னால், அவருடைய கூடுதல் 300. இப்படியே கீப்பரை அந்த வகையின் கடைசிக் கீப்பரோடும், பந்துவீச்சாளரைக் கடைசிப் பந்துவீச்சாளரோடும் ஒப்பிட்டு, 88 பேரின் கூடுதலையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அது 14,240 என்று வந்தால், 712ஆல் வகுக்க, ஒரு காசுக்கு 20 கூடுதல் புள்ளி. ஆகவே அந்த 300 கூடுதல்காரருக்கு விலை 15. அடிப்படைக் காசு 1 சேர்த்து 16. பதினேழு என்று எவராவது கேட்டால் சிரித்துக்கொண்டே கையைக் கீழே போட்டுவிட வேண்டும். அவருக்குப் பொருள் கிடைக்கிறது. நமக்குப் பணம் மிஞ்சுகிறது.

பாடம் 2: பெயருக்கு விலை கொடுக்காதே

முதல் ஐ.பி.எல். ஏலம் 2008 பிப்ரவரி 20ஆம் தேதி மும்பையில் நடந்தது. அதிக விலை போனவர் தோனி; சென்னை அணி 15 லட்சம் டாலர் கொடுத்தது. அடுத்து ஆண்ட்ரூ சைமண்ட்ஸ். டெக்கான் சார்ஜர்ஸ் அணி 13.5 லட்சம் டாலர் கொடுத்தது. சைமண்ட்ஸ் தம் நாட்டு அணிக்காக இடையிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. டெக்கான் அணி அவ்வாண்டு கடைசி இடம். கோப்பையை வென்றது யார்? உரிமைத் தொகையே மிகக் குறைவாகக் கட்டிய ராஜஸ்தான் அணி. அவர்கள் 4.5 லட்சம் டாலருக்கு ஷேன் வார்னை எடுத்துத் தலைவராக்கினார்கள். ஒரு லட்சம் டாலருக்கு எடுத்த சோஹைல் தன்வீர் 22 விக்கெட் சாய்த்து முதலிடம் பெற்றார்.

அண்மை உதாரணம் வேண்டுமா? 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெத்தாவில் நடந்த பெரிய ஏலத்தில் ரிஷப் பந்த்தை லக்னோ அணி 27 கோடிக்கு எடுத்தது. அன்றைக்கு ஐ.பி.எல். வரலாற்றில் அதுவே உச்ச விலை. 2025இல் அவர் எடுத்தது 269 ரன். அதில் 118 கடைசி லீக் ஆட்டத்தில் வந்தது. வெங்கடேஷ் ஐயரைக் கொல்கத்தா 23.75 கோடிக்கு எடுத்தது, 142 ரன். இதே ஏலத்தில் 26.75 கோடிக்குப் பஞ்சாப் எடுத்த ஸ்ரேயாஸ் ஐயர் 604 ரன் எடுத்து அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார்.

ஆகவே, விலை உயர்ந்தது எல்லாம் மோசம் என்று நாம் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிட்செல் ஸ்டார்க்குக்குக் கொல்கத்தா 24.75 கோடி கொடுத்தபோது ஊரே சிரித்தது. 2024 மே 26 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர்தான் ஆட்ட நாயகன், கோப்பை கொல்கத்தாவுக்கு. விலை என்பது எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பதன் கணக்கு. தரத்தின் கணக்கு அல்ல. இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள் என்பதே பாடம்.

பாடம் 3: பாசத்துக்குத் தனியாகக் காசு கிடையாது

எங்கள் கிடங்கில் ஆண்டுதோறும் நடக்கும் கூத்து இது. சென்னை அணிக்காரர் பெயர் வந்தால் எட்டுக் கையும் மேலே போகும். பத்துக் காசு பெறுமானவர் பதினாறுக்குப் போவார். 2025இல் சென்னை அணி பத்தாம் இடம். அந்த அணி வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி. தலைவர் ருதுராஜ் முழங்கை முறிவால் ஏப்ரலிலேயே விலகினார். பாசத்தில் வாங்கிய நான்கு பேர் அணியும் அப்படியே படுத்துவிட்டது.

நம் பக்கத்துப் பிள்ளை நடராஜன் விஷயத்திலும் அப்படித்தான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். நமக்கு உறவுப் பிள்ளை போல. அவர் விலை சென்ற வழியைப் பாருங்கள். 2017இல் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. 2018இல் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு ஆண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். 2020இல் வாய்ப்புக் கிடைத்து 16 விக்கெட் எடுத்தார். அதே ஆண்டு ஆஸ்திரேலியா சென்று, 2021 ஜனவரிக்குள் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். 2024இல் 19 விக்கெட். அந்த நவம்பரில் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது. 2025இல் அவருக்குக் களத்தில் இறங்க மிகச் சில ஆட்டங்களே கிடைத்தன.

ஆள் ஒருவர்தான், விலை மூன்று கோடி, நாற்பது லட்சம், பத்தே முக்கால் கோடி. புளியும் அப்படித்தானே? அதே மரம், அதே பழம். மாசியில் ஒரு விலை, ஆடியில் ஒரு விலை. ஊர் மறந்திருக்கும்போது வாங்குபவனுக்கு லாபம். ஊர் கொண்டாடும்போது வாங்குபவனுக்குப் பெருமை மட்டும். 2025 மார்ச்சில் நடராஜனுக்கு எங்கள் கிடங்கில் விலை 19 காசு வரை போயிற்று. வாங்கியது யார் என்று கேட்காதீர்கள். நாம்தான். எழுதுகிறவனுக்கே பாடம் ஏறவில்லை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

பாடம் 4: அரிதானது எது என்று பார்

சிலர் ஏலம் வேண்டாம், வரிசையாக ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வோம் என்பார்கள். அதில் பாம்பு வரிசை என்ற முறை நியாயமானது. முதல் சுற்றில் ஒன்று முதல் எட்டு வரை. அடுத்த சுற்றில் எட்டிலிருந்து ஒன்று வரை திரும்பி வர வேண்டும். முதலில் எடுத்தவருக்கு 1, 16, 17, 32 என்று முறை வரும். கடைசியில் இருப்பவருக்கு 8, 9, 24, 25. முதலாமவர் ஓர் ஆளை எடுத்துவிட்டு மறுபடி கை நீட்டுவதற்குள் இடையில் 14 பேர் போய்விடுவார்கள்.

அப்போது கேட்க வேண்டிய கேள்வி, 'யார் சிறந்தவர்?' என்பதல்ல, 'நம் முறை திரும்பும்போது எந்த வகைச் சரக்கு தீர்ந்திருக்கும்?' என்பதே. ஒரு கணக்கு. இப்போது முன்னால் இருப்பவர்கள்: 520 புள்ளி எடுக்கக்கூடிய பேட்ஸ்மேன், 480 எடுக்கக்கூடிய ஆல்ரவுண்டர். பெரும்பாலோர் 520ஐ எடுப்பார்கள். ஆனால் முறை திரும்பும்போது 480 புள்ளி பேட்ஸ்மேன் மிச்சமிருப்பார். ஆல்ரவுண்டரிலோ 330 புள்ளிக்காரர்தான் மிச்சமிருப்பார். முதலில் பேட்ஸ்மேனை எடுத்தால் 520, 330 சேர்த்து 850. முதலில் ஆல்ரவுண்டரை எடுத்தால் 480, 480 சேர்த்து 960. கூடுதலாக 110 புள்ளி!

ஐ.பி.எல்.லில் 2023 முதல் இம்பாக்ட் பிளேயர் என்ற மாற்று ஆட்டக்காரர் விதி வந்தது. அதனால் அணிகள் மட்டைக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்கின்றன. இரண்டும் முழுதாகச் செய்யும் ஆள் களத்தில் குறைந்துவிட்டார். எங்களுக்கோ 16 பேர் தேவை. ஆகவே நல்ல ஆல்ரவுண்டரை முதலில் பிடிக்க வேண்டும். கீப்பர் எட்டுப் பேர் போதும். பத்து அணியிலும் ஒருவர் நிச்சயம் ஆடுவார். முதல் இருவர் கிடைக்கவில்லை என்றால் அவசரமே வேண்டாம். கடைசியில் 1 காசுக்கு வாங்கிக்கொள்ளலாம். கடையில் உப்பு தீர்ந்தால் ஒரு மணி நேரத்தில் வரவழைத்துவிடலாம். நல்ல பூண்டு தீர்ந்தால் முடியுமா?

இன்னொன்று. இரண்டு கீப்பர் அடுத்தடுத்துப் போனதும் மூன்றாமவர் பயந்து தாமும் கீப்பரைக் கேட்பார். அவரைப் பார்த்து நான்காமவர். 2019 கடைசியில் வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தேவையே இல்லாதவரும் ஐந்து கிலோ வாங்கி வைத்தார் அல்லவா? கூட்டம் ஒரு பக்கம் ஓடும்போது மறுபக்கத்தில் நல்ல சரக்கு மலிவாகக் கிடக்கும். அங்கே கைவையுங்கள்.

பாடம் 5: கைப்பணத்தைக் கடைசி வரை வைத்திரு, ஆனால் மிச்சம் வைக்காதே

2023இல் நாம் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு பெரிய பேட்ஸ்மேனுக்கு 46 காசு கொடுத்துவிட்டோம். பிறகு மற்றப் பத்துப் பேருக்கு 54 காசு. நல்ல ஆள் ஒவ்வொருவராகப் போவதைப் பார்த்துக்கொண்டு, மழைக்காலத்தில் குடையில்லாதவன் போல உட்கார்ந்திருந்தோம். எட்டுப் பேரில் ஏழாம் இடம்.

இதற்கு ஒரு விதி மனதில் இருக்கட்டும். கையில் இருக்கும் காசிலிருந்து, நிரப்ப வேண்டிய இடங்களில் ஒன்றைக் கழித்துவிட்டு மீதியைக் கழித்தால் வருவதே அதிகபட்சமாகக் கேட்கக்கூடிய விலை. 40 காசும் 5 இடமும் இருந்தால், 4ஐக் கழித்து 36. நம்முடையதை மட்டுமல்ல, மற்ற ஏழு பேருடையதையும் பக்கத்து நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும். எவருக்கும் 12க்கு மேல் கேட்க முடியாது என்று தெரிந்தால் 13இல் முடிப்போம். 20 ஏன் கொடுக்க வேண்டும்?

பெயர் சொல்லும் முறை நமக்கு வரும்போது, நமக்கு வேண்டாத பெரிய பெயரை முதலில் எடுத்துவிடுங்கள். மற்றவர் காசு அங்கே கரையட்டும். நமக்கு வேண்டிய ஆளை எல்லோர் பையும் இளைத்தபின் கேட்கலாம்.

கடைசிச் சுற்றில் எத்தனை நல்ல சரக்கு கிடைக்கும் என்பதற்கு உண்மைச் சான்று: 2018 ஏலத்தில் கிறிஸ் கெயிலை இரண்டு முறை கூவியும் கேட்பார் இல்லை. மூன்றாம் முறை பஞ்சாப் அடிப்படை விலையான 2 கோடிக்கே எடுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஐதராபாத்துக்கு எதிராக அவர் சதம் அடித்தார். அதே ஏலத்தில் சென்னை அணி முப்பது வயதைத் தாண்டியவர்களாக வாங்கியது என்று கேலி பேசினார்கள். 2.2 கோடிக்கு வாங்கிய அம்பட்டி ராயுடு 602 ரன் எடுத்தார். 4 கோடிக்கு வாங்கிய வாட்சன் இறுதி ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 117 எடுத்தார். கோப்பை சென்னைக்கு. பழைய அரிசிக்கு வேகும் பதம் தெரிந்தவன் தேவை, அவ்வளவுதான்.

ஆனால் ஏலம் முடிந்தபின் கையில் மிஞ்சும் காசுக்கு மதிப்பே இல்லை. எங்கள் நண்பர் ஒருவர் 2022இல் சிக்கனம் பார்த்துப் பார்த்து 23 காசை மிச்சம் வைத்தார். கடைசி இடம் பிடித்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் சரக்கெடுக்காமல் பணத்தைப் பெட்டியில் வைத்தவன் நிலைதான்.

பாடம் 6: இருப்பைப் பிரித்து வை

2025 மே 9ஆம் தேதி எல்லைப் பதற்றத்தால் ஐ.பி.எல். நிறுத்தப்பட்டு, 17ஆம் தேதி மறுபடி தொடங்கியது. மே 25 நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் ஜூன் 3க்குப் போயிற்று. ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டார் சிலர் வரவே இல்லை. அவர்களையே நம்பியிருந்தவர் அணி ஓட்டை விழுந்தது. ஒரே அணியிலிருந்து ஐந்து பேர், ஒரே நாட்டிலிருந்து நான்கு பேர் என்று வாங்காதீர்கள். ஒரே மண்டியில் எல்லாச் சரக்கையும் எடுப்பவன், அந்த மண்டி அடைத்த நாளில் கடையையும் அடைக்க வேண்டும்.

ஏலத்தோடு வேலை முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். அடிபட்டவருக்கு மாற்று எடுக்க ஒவ்வொருவருக்கும் இரண்டு வாய்ப்பு வைத்திருக்கிறோம். 2024 ஏலத்தில் விலை போகாத ஷர்துல் தாக்கூரை, அடிபட்ட மோசின் கானுக்கு மாற்றாக லக்னோ 2025 மார்ச்சில் எடுத்தது. அவர் 13 விக்கெட் எடுத்தார். எங்கள் கணக்கில் 325 புள்ளி. சந்தை முடிந்த பிறகும் விழித்திருப்பவனுக்குக் கிடைத்த சரக்கு.

அந்தப் பையன் என்ன செய்தான்?

2025 மார்ச்சில் வந்த மளிகைக் கடைப் பையன் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தான். முதல் அரை மணி நேரம் கையே தூக்கவில்லை. நாங்கள் சென்னை அணிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொன்றாக எடுத்தான். சென்னைப் பையன் சாய் சுதர்சன் 13 காசு; 2022இல் குஜராத் அணி 20 லட்சத்துக்கு வாங்கிய இளைஞர். பிரசித் கிருஷ்ணா 6 காசு. நூர் அகமது 7 காசு. சீசன் முடிவில் சாய் சுதர்சன் 759 ரன் எடுத்து முதலிடம். பிரசித் 25 விக்கெட், 625 புள்ளி. நூர் 24 விக்கெட், 600 புள்ளி. கேட்ச்சை விட்டுவிட்டாலும் 26 காசுக்கு 1,984 புள்ளி! அவனுக்குத்தான் சால்வை. நமக்கு ஐந்தாம் இடம்.

சால்வை போர்த்தியபோது நாம் கேட்டோம்: "தம்பி, கைபேசியில் தோற்றவன் இங்கே எப்படி ஜெயித்தாய்?" அவன் சொன்னது: "பெரியப்பா, அங்கே தினம் ஒரு ஆட்டம், தினம் விட்டதைப் பிடிக்கணும்னு ஓடினேன். எதிர்ல யார் இருக்காங்கன்னே தெரியாது. இங்கே ஒரே ஒரு நாள்தான் வாங்கணும். எதிர்ல இருக்கிற ஏழு பேரையும் எனக்குத் தெரியும். யார் கோபத்துல கேப்பாங்க, யார் பாசத்துல கேப்பாங்கன்னு தெரியும்."

அவன் அப்பாவின் பாக்கி வாரா வாரம் வந்து, 2025 கார்த்திகையில் முடிந்தது. இப்போது புளி, மிளகாய்க் கொள்முதலுக்கு அவனே வருகிறான். மாதிரியைப் பார்ப்பான், ஒரு விலை சொல்வான், கட்டாது என்றால் எழுந்து போய்விடுவான். விற்கிற நமக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் மனதுக்கு நிறைவு.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க:

1. விலையை வீட்டிலேயே எழுது, களத்தில் மாற்றாதே.
2. கடைசியில் கிடைப்பதோடு ஒப்பிட்டுத்தான் எதற்கும் மதிப்பு.
3. தரம் ஒரு பத்தி, விலை ஒரு பத்தி.
4. பாசத்துக்கும் கோபத்துக்கும் காசு ஒதுக்காதே.
5. அரிய சரக்கை முதலில் பிடி. எப்போதும் கிடைப்பதைக் கடைசிக்கு விடு.
6. எதிராளியின் கையிருப்பை எழுதிக்கொண்டே வா.
7. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் எடுக்காதே.
8. பணம் வைத்து ஆடாதே. பணம் வைத்தால் அது ஆட்டம் அல்ல, சூது.

நண்பர்கள் எட்டுப் பேர் இருந்தால் உங்கள் ஊரிலும் ஒரு ஞாயிறு இரவு நடத்திப் பாருங்கள். செலவு, ஒரு நோட்டும் எட்டு டீயும். கற்பது, அடுத்த ஐம்பது கொள்முதலுக்குப் போதும்.